வருபவர் அதிக நேரம் தங்கினால் தரவரிசை ஏறுமா?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 19, காலை

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்கான கடந்தகால வினாத்தாள்களைத் திரட்டித் தமிழில் ஓர் இணையத்தளம் நடத்தி வருகிறேன். வருபவர் எவ்வளவு நேரம் தங்குகிறாரோ அவ்வளவுக்கு கூகுள் அந்தத் தளத்தை மேலே கொண்டுவரும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதனால் பதிவிறக்க இணைப்பைப் பக்கத்தின் அடியில் வைத்து, அதற்கு மேலே பாடத்தைப் பற்றி நீண்ட முன்னுரை எழுதினேன். சராசரித் தங்கும் நேரம் கூடியிருக்கிறது. தரவரிசை மட்டும் சற்று இறங்கியிருக்கிறது. முன்னுரையை இன்னும் நீட்ட வேண்டுமா, ஐயா?

2025 ஜனவரி 19, இரவு

தம்பி, நீட்ட வேண்டாம். இணைப்பை இன்றிரவே மேலே ஏற்றிவிடுங்கள். மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. பிள்ளைகளுக்கு இப்போது வேண்டியது வினாத்தாள்.

செட்டியார் தெருவில் உள்ள எங்கள் குடும்ப நகைக்கடையின் தளத்தை 2014 முதல் நான் பராமரித்து வருகிறேன். அதில் தினமும் காலையில் நான் கைவைக்கும் ஒரே பக்கம், அன்றைய தங்க விலைப் பக்கம். 22 கரட் ஒரு பவுண், 24 கரட் ஒரு பவுண், ஒரு கிராம் என்று மூன்றே வரிகள். வருபவர் பேருந்தில் இருந்தபடியே திறப்பார், விலையைப் பார்ப்பார், ஐந்தாறு வினாடிகளில் மூடிவிடுவார். தங்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் எங்கள் தளத்திலேயே மிக மோசமான பக்கம் அதுதான். ஆனால் கூகுளில் மிக மேலே நிற்பதும் அதுதான். தாலிக்கொடி வடிவங்களைக் காட்டும் பக்கத்தில் மக்கள் பல நிமிடங்கள் நின்று படம் படமாகப் பார்க்கிறார்கள். அது பல ஆண்டுகளாக இரண்டாம் பக்கத்தை விட்டு நகரவில்லை.

இதற்குக் காரணம் எளியது என்றே நினைக்கிறேன். நீங்கள் அளப்பது, உங்கள் வாசலுக்குள் வந்தவர் என்ன செய்தார் என்பதை. தேடுபொறி பார்ப்பது தன் சொந்த முடிவுப் பக்கத்தில் நடப்பதை: எந்தச் சொல்லைத் தேடினார், எந்த முடிவைச் சொடுக்கினார், திரும்பி வந்து வேறொன்றைச் சொடுக்கினாரா, அல்லது அந்தத் தேடல் அத்துடன் முடிந்துவிட்டதா என்பதை. விலையைப் பார்த்தவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டால் தேடல் முடிந்தது. ஐந்து வினாடியானாலும் அது நல்ல முடிவு. உங்கள் முன்னுரையில் மூன்று நிமிடம் அலைந்து, இணைப்பைக் காணாமல் திரும்பி அடுத்த தளத்துக்குப் போன மாணவன், உங்கள் கணக்கில் மூன்று நிமிட வெற்றியாகத் தெரிவான். தேடுபொறிக்கு அவன் ஏமாந்து திரும்பியவன்.

தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற கருவியில் பதிவாகும் எண்களைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் நிறுவனத்தார் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். எத்தனையோ தளங்கள் அந்தக் கருவியைப் பொருத்தவே இல்லை; எல்லோரிடமும் இல்லாத அளவுகோலால் எல்லோரையும் எப்படி அளக்க முடியும்?

2025 ஜனவரி 20

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். முடிவுப் பக்கத்தில் நடப்பதை மட்டுமே தேடுபொறி பார்க்கிறது என்ற பொருள் தரும்படி எழுதிவிட்டேன். அது அளவுக்கு மீறிய உறுதி. 2024 மே மாதத்தில் கூகுளின் உள் ஆவணத் தொகுதி ஒன்று வெளியே கசிந்தது. அதில் பட்டியலிடப்பட்டிருந்த தரவு வகைகளின் பெயர்களில், குரோம் உலாவியில் ஒரு தளம் பெறும் பார்வைகளைக் குறிப்பதாகத் தோன்றும் பெயரும் இருந்தது. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் அது தரவரிசையில் பயன்படுகிறது என்று ஆகிவிடாது. கூகுளும், ஆவணங்கள் உண்மையானவை என்று ஒப்புக்கொண்டதோடு, சூழலை விட்டு அவற்றுக்குப் பொருள் கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. இருந்தாலும், நேற்று எழுதியதைத் திருத்தாமல் விட எனக்கு மனமில்லை.

2025 ஜனவரி 26

“சொடுக்குகளை வைத்துத் தரவரிசைப்படுத்துவதைக் கூகுள் மறுத்திருக்கிறதே” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கதையைச் சற்று முன்னிருந்தே பார்க்க வேண்டும்.

சொடுக்கை வாக்காகக் கொள்ளும் எண்ணம் கூகுள் அளவுக்கே பழையது. 1998இல் தொடங்கிய டிரெக்ட் ஹிட் என்ற தேடுபொறி, மக்கள் எதைச் சொடுக்குகிறார்கள் என்பதையே அடிப்படையாகக் கொண்டு வரிசைப்படுத்தியது. 2000இல் ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற மற்றொரு தேடுபொறி நிறுவனம் அதை வாங்கியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸ், சொடுக்குப் பதிவுகளைக் கொண்டு தேடுபொறியைப் பயிற்றுவிக்கும் முறையை 2002இல் எழுதினார். 2005இல் அவரும் கூட்டாளிகளும் கண்ணின் அசைவைப் பதிவுசெய்து நடத்திய ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் முடிவையும் இரண்டாம் முடிவையும் இடம் மாற்றிக் காட்டியபோதும், மக்கள் மேலே இருந்ததையே அதிகம் சொடுக்கினார்கள். அதாவது, ஒருவர் ஒன்றைச் சொடுக்குவதற்கு அது நல்லது என்பது மட்டும் காரணமல்ல. அது மேலே இருந்தது என்பதும் காரணம். ஆகவே வெறும் சொடுக்கு எண்ணிக்கை பொய் சொல்லும். அந்த இடத்தில் இருக்கும் ஒரு முடிவுக்கு எத்தனை சொடுக்கு எதிர்பார்க்கலாம், அதைவிடக் கூடக் கிடைத்ததா, குறையக் கிடைத்ததா என்றுதான் பார்க்க வேண்டும். 2006இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் பயனர் நடத்தையைச் சேர்த்துக்கொண்டால் தேடலின் துல்லியம் 31 சதவீதம் வரை கூடலாம் என்று காட்டினார்கள்.

அதே 2006இல் கூகுள் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்த ஆவணத்தை நான் பொறுமையாகப் படித்திருக்கிறேன். ஒருவர் ஒரு முடிவைத் திறந்து நெடுநேரம் திரும்பாமலிருந்தால் அது நீண்ட சொடுக்கு. உடனே திரும்பினால் குறுகிய சொடுக்கு. எப்போதும் முதல் முடிவையே கண்ணை மூடிச் சொடுக்குபவரைவிட, தேர்ந்து பார்த்துக் கீழே உள்ளதைச் சொடுக்குபவரின் தேர்வுக்கு அதிக எடை கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. போலிச் சொடுக்குகளுக்கு எதிரான காப்பு வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

ஆனால் காப்புரிமை என்பது ஒரு யோசனைக்கு வேலி போடுவது மட்டுமே; அது நடைமுறையில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பல ஆண்டுகள் சண்டை நடந்தது இந்த இடத்தில்தான். 2014இல் தேடல் தரவரிசை பற்றி எழுதிவரும் ரேண்ட் ஃபிஷ்கின் தன்னைப் பின்தொடர்பவர்களிடம் ஒரு சொல்லைத் தேடித் தன் பக்கத்தைச் சொடுக்கச் சொன்னார். சில மணி நேரத்தில் அது முதலிடத்துக்கு வந்தது. 2019இல் கூகுளின் கேரி இல்யேஷ், தங்கும் நேரம், சொடுக்கு விகிதம் (முடிவைக் கண்டவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது) ஆகியவற்றைப் பற்றிய இத்தகைய பேச்சுகளைக் கற்பனை என்று கடுமையாக ஒதுக்கினார்.

முடிவு நீதிமன்றத்தில் வந்தது. 2020இல் அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கின் விசாரணையில், 2023 ஒக்டோபரில், கூகுளின் துணைத் தலைவர்களில் ஒருவரான பாண்டு நாயக் சாட்சியம் அளித்தார். நாவ்பூஸ்ட் என்ற அமைப்பு ஏறத்தாழ 2005 முதல் இயங்கி வருவதாகவும், பயனர்களின் சொடுக்குகளை அது நினைவில் வைத்திருப்பதாகவும், முக்கியமான சமிக்ஞைகளுள் அதுவும் ஒன்று எனவும் சொன்னார். முன்னர் 18 மாதத் தரவை வைத்திருந்தார்கள். பின்னர் அது 13 மாதமாகக் குறைக்கப்பட்டது. 2024இல் கசிந்த ஆவணங்களில் நல்ல சொடுக்கு, கெட்ட சொடுக்கு, கடைசியான நீண்ட சொடுக்கு என்ற பெயர்கள் நாவ்பூஸ்டோடு சேர்ந்தே காணப்பட்டன.

இந்தக் கடைசியான நீண்ட சொடுக்கு என்பதை மனதில் வையுங்கள். நீண்டதாக இருந்தால் மட்டும் போதாது, கடைசியாகவும் இருக்க வேண்டும். தேடியவர் எந்தக் கடையில் சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்பதுதான் கேள்வி.

2025 பெப்ரவரி 2

இன்று வீட்டில் கண்டதை எழுதுகிறேன். அக்காவின் மகள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாதாரண தரம் எழுதப் போகிறவள். தாயின் கைபேசியில் கணித வினாத்தாள் தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் முடிவைத் திறந்தாள், கோப்பு இறங்கியது, சிங்கள மொழிமூல வினாத்தாள். திரும்பினாள். இரண்டாவது தளத்தில் முப்பது வினாடி காத்திருக்கச் சொல்லி ஒரு கடிகாரம் ஓடியது. பத்து வினாடி பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவதில் தலைப்பிலேயே “தமிழ் மொழிமூலம்” என்று இருந்தது. திறந்தாள், இறக்கினாள், கைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கொப்பியை எடுத்தாள். முழுவதும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

யோவாக்கிம்ஸும் காப்புரிமையும் நீதிமன்றமும் பேசியது முழுவதும் அந்தச் சிறு திரையில் நடந்து முடிந்தது. முதல் தளத்துக்காரர் அந்தக் கோப்பு எந்த மொழிமூலம் என்பதை ஒரு சொல்லில் எழுதியிருந்தால் போதும், அவள் உள்ளேயே போயிருக்க மாட்டாள்; டேட்டாவும் மிஞ்சியிருக்கும். தேடல் முடிவில் தெரியும் தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் ஒரு வாக்குறுதி. தவறான ஆளை உள்ளே அழைப்பதைவிட, அவர் சொடுக்காமலே கடந்துபோவது இருவருக்கும் நல்லது.

தம்பி, உங்கள் தலைப்புகளில் ஆண்டு, பாடம், மொழிமூலம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2025 பெப்ரவரி 9

ஃபிஷ்கினைப் போல நீங்களும் செய்து பார்த்ததுண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. 2018 ஏப்ரலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்: “செட்டியார் தெரு தாலிக்கொடி” என்று தேடி, எங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்துச் சொடுக்கி, சற்று நேரம் பாருங்கள் என்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் டொரண்டோவிலும் இருப்பவர்கள் செய்தார்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் முதற்பக்கத்துக்கு வந்தது. மே நடுப்பகுதியில் பழையபடி இறங்கிவிட்டது. ஆகவே சொடுக்கு வேலை செய்கிறது, ஆனால் நிற்பதில்லை என்பதே என் முடிவு.

2025 மார்ச் 1

மேலே எழுதிய முடிவைத் திரும்பப் பெறுகிறேன். கூகுள் தேடலில் தன் தளம் எந்த இடத்தில் வருகிறது, எத்தனை சொடுக்குப் பெறுகிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் சேர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு மட்டுமே இருக்கும் என்பதால், அந்த ஆண்டின் எண்களை அப்போதே ஒரு கோப்பாக இறக்கி வைத்திருந்தேன். நேற்றிரவு அதைத் தேடியெடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் சராசரி இடம் உயரத் தொடங்கியது, நான் குழுவில் எழுதுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே. 2018இல் அட்சய திருதியை ஏப்ரல் 18ஆம் திகதி வந்தது. அதற்கு முன் புத்தாண்டு. அந்தக் காலத்தில் நகை தேடுபவர்கள் இயல்பாகவே பெருகுகிறார்கள், தேடும் சொற்களும் மாறுகின்றன, கடைகளும் தங்கள் பக்கங்களைப் புதுப்பிக்கின்றன. இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, ஒரு குடும்பத்தின் சொடுக்குகள் என்ன செய்தன என்று பிரித்தறிய வழியே இல்லை.

இன்னொரு பிழையும் உண்டு. “முதற்பக்கத்துக்கு வந்தது” என்று எழுதியது என் கைபேசியில் நான் கண்டது. நாள்தோறும் எங்கள் தளத்தையே திறப்பவனின் கைபேசி அது. பெரும்பாலும் செட்டியார் தெருவில் இருந்தபடியே தேடுகிறேன். தேடுபவரின் இடத்தையும் முந்தைய தேடல்களையும் பொறுத்து முடிவுகள் மாறக்கூடும். சேர்ச் கன்சோலில் அந்த ஏற்றம் சில படிகள்தான். தன் தரவரிசையைத் தன் கைபேசியில் பார்ப்பவர் எவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஃபிஷ்கினின் சோதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எடுத்தது அதிகம் பேர் தேடாத ஒரு சொல். அத்தகைய சொல்லுக்கு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் வருவது ஒரு செய்தி போலத் தெரியும். நாள்தோறும் பல்லாயிரம் பேர் தேடும் சொல்லுக்கு அது பொருந்தும் என்று கொள்ள எனக்குத் துணிவில்லை.

2025 மார்ச் 30

பரீட்சை முடிந்தது. தம்பி எழுதியிருக்கிறார்: இணைப்பை மேலே ஏற்றியபின் சராசரித் தங்கும் நேரம் பாதிக்கும் கீழே விழுந்துவிட்டதாம், அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறதாம். அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்துங்கள். வேண்டுமானால் பதிவிறக்கங்களை எண்ணுங்கள்.

வேகம் பற்றியும் கேட்டிருக்கிறார். இதில் ஒளிவுமறைவு இல்லை; கூகுள் வெளிப்படையாகவே சொல்லும் அளவுகள் இவை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும். தட்டினால் 200 மில்லி வினாடிக்குள் பதில் வேண்டும் (இந்த அளவு 2024 மார்ச்சில் பழையதொன்றுக்குப் பதிலாக வந்தது). ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது. இவை ஆய்வுகூடத்தில் அளக்கப்படுபவை அல்ல. குரோம் பயன்படுத்தும் உண்மையான மக்களிடமிருந்து, கடந்த 28 நாட்களுக்கு, நூற்றில் எழுபத்தைந்து வருகைகளாவது அந்த எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் மேசைக் கணினியில் பக்கம் பறக்கிறது என்பது சான்றல்ல. வவுனியாவிலோ ஹட்டனிலோ விலை குறைந்த கைபேசியில் அதைத் திறக்கும் பிள்ளைதான் அளவுகோல். ஆனால் பொருத்தமான விடை தராத பக்கத்தை வேகம் மட்டும் தூக்கி நிறுத்தாது. முதலில் வினாத்தாள், பிறகு வேகம்.

2025 மே 11

சொடுக்கு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்து நிறுவனம் ஒன்று எங்கள் கடைக்கு வந்து, “பயனர் ஈடுபாட்டை” உயர்த்தித் தருவதாகச் சொல்லி மாதக் கட்டணம் வாங்கியது. பெயர் வேண்டாம். மூன்று மாதம் கொடுத்தோம். அனலிட்டிக்ஸில் வருகை ஏறியது. பெரும்பகுதி நாங்கள் நகை அனுப்பியே இராத நாடுகளிலிருந்து, நள்ளிரவில், ஒரே கால அளவில். சேர்ச் கன்சோலில் ஒரு சலனமும் இல்லை. கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட கூடுதலாக வரவில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஒளிப்படக் கலைஞர் ஒருவரை ஒரு நாள் கடைக்கு அழைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் இது பெரிய நோய். அங்கே பயனர் நடத்தை தரவரிசையில் பங்கு வகிக்கிறது என்பது வெளிப்படை. 2023 ஜனவரியில் கசிந்த அதன் நிரல்களிலும் அத்தகைய காரணிகள் பல இருந்தன. போலி நடத்தையைக் கண்டுபிடித்தால் யாண்டெக்ஸ் அந்தத் தளத்தைத் தண்டிக்கிறது.

2025 ஓகஸ்ட் 3

ஆடி மாதம். கடையில் கூட்டமில்லை, தேடலும் படுத்திருக்கிறது. விலைப் பக்கத்துக்கு மட்டும் ஆட்கள் வருகிறார்கள்.

ஜனவரியில் எழுதிய 13 மாதக் கணக்கு இந்த அமைதியில்தான் எனக்கு விளங்குகிறது. ஏன் அந்த எண் என்று கூகுள் விளக்கியதாக நான் அறியேன். என் எண்ணத்தைச் சொல்கிறேன். 13 மாதம் என்றால் தையும் ஆடியும் ஆவணியும், புத்தாண்டும் தீபாவளியும், எல்லாம் ஒருமுறையாவது உள்ளே அடங்கிவிடும். ஒரு பருவத்து மக்கள் சொன்னதை வைத்துத் தீர்ப்பு எழுதப்படாது. இது நமக்கு இரண்டு வகையில் பொருந்துகிறது. இன்று பக்கத்தைத் திருத்தி, அடுத்த வாரம் தரவரிசையைப் பார்த்து மனமுடைய வேண்டாம். பழைய ஏமாற்றங்களும் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும். மறுபுறம், சென்ற ஆண்டு நன்றாகச் செய்தது என்றென்றும் காப்பாற்றாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரே பொருளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், நேரே ஆங்கிலத்திலும் தேடுகிறோம். சொடுக்குகள் சிதறிப் போகின்றன. “தங்க விலை”க்கு இலங்கையிலிருந்து போதிய பேர் வருவார்கள். “இரசாயனவியல் 2019 தமிழ் மொழிமூலம்” என்பதற்கு எத்தனை பேர் வருவார்கள்? நடத்தைத் தரவு மெலிந்த இடத்தில், பக்கத்தில் எழுதியிருக்கும் சொற்களும் மற்றத் தளங்கள் தரும் இணைப்புகளுமே அதிகம் பேசும். உங்கள் வினாத்தாள் பக்கத்துக்கு ஒரு பாடசாலைத் தளம் இணைப்புக் கொடுத்தால், நூறு சொடுக்கைவிட அதை நான் பெரிதாக மதிப்பேன்.

2025 செப்டெம்பர் 7

அந்த வழக்கின் அடுத்த கட்டம் கடந்த செவ்வாய்க்கிழமை வந்தது. கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைப் பேணியது என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தா, செப்டெம்பர் 2ஆம் திகதி பரிகாரத்தை அறிவித்தார். தகுதி பெறும் போட்டியாளர்களுடன் தேடல் சுட்டியின் (கூகுள் திரட்டி வைத்திருக்கும் இணையப் பக்கங்களின் அட்டவணை) ஒரு பகுதியையும் பயனர் நடத்தைத் தரவையும் கூகுள் பகிர வேண்டும் என்பது அதில் ஒன்று. மக்களின் சொடுக்குக்குத் தேடலில் மதிப்பே இல்லை என்றால், அதைப் பகிரச் சொல்லி ஒரு நீதிமன்றம் ஏன் ஆணையிட வேண்டும்? ஜனவரியில் மறுப்பைப் பற்றிக் கேட்டவர் இதைப் படிக்க வேண்டும்.

தம்பி தன் சேர்ச் கன்சோல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். “தமிழ் மொழிமூலம்” சேர்ந்த தேடல்களில் அவரது பக்கங்கள் மெல்ல ஏறியிருக்கின்றன. இணைப்பை மேலே வைத்ததால்தானா, தலைப்பைத் திருத்தியதால்தானா, பரீட்சைக் காலம் என்பதாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். மார்ச்சில் நானே திருத்திக்கொண்ட பிழையை இங்கே மீண்டும் செய்ய விரும்பவில்லை.

நவம்பரில் உயர்தரப் பரீட்சை. அதனால் இன்று மாலை உங்கள் இரசாயனவியல் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 2019ஆம் ஆண்டுக் கோப்பில் இரண்டாம் வினாத்தாளின் கடைசி இரண்டு பக்கங்கள் தலைகீழாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. கைபேசியைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது, வாசிக்க முடியவில்லை. என்னிடம் நல்ல பிரதி ஒன்று இருக்கிறது. நாளை காலை விலையை மாற்றியபின் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். அதே இணைப்பில் ஏற்றுங்கள், முகவரியை மாற்ற வேண்டாம்.